கம்பி கட்டிய தெறி: படுவான்கரை வயலில் கிடைத்த ஓர் இராணுவப் பொத்தான்

அந்தப் பொத்தான், எங்கள் பேச்சில் தெறி, என் கைக்கு வந்தபோது ஒரு பாதி பளபளத்தது, மறு பாதி பாசிபிடித்த பச்சையாக இருந்தது. நண்பரின் மனைவி குத்துவிளக்கு துலக்குவது போலப் பழப்புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறார். பாதி தேய்த்ததும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம் ஒன்று தெரிந்திருக்கிறது. அதோடு கையை எடுத்துவிட்டார். "ஆமிக்காரன்ட தெறி போல கிடக்கு, இத வீட்டுல வெச்சிருக்க ஏலாது" என்று சொல்லி, பொத்தானை ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு, டின்னைக் கோழிக்கூட்டின் மேல் வைத்துவிட்டார். அது அங்கேயே சில வருடங்கள் கிடந்தது.

அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், சண்டைக் காலத்தில் ஒரு துண்டுப் பச்சைத் துணி வீட்டில் கிடந்தாலே என்ன நடக்கும் என்று தெரிந்து வளர்ந்த தலைமுறை அது. பொத்தான் என்ன என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி நண்பர் என்னிடம் வந்தது பழம்பொருள் ஆசையால் அல்ல. அதை வைத்திருக்கலாமா, வாவியில் எறிந்துவிட வேண்டுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கிடைத்த இடம் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே உள்ள ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. கிழக்கில் சண்டை ஓய்ந்த பின், மண்முனைப் பாலம் 2014-இல் திறக்கப்படுவதற்கு முன், வாவியைப் பாதை என்ற மிதவைப் படகில் கடந்து போய்வந்த காலம். வயலைத் திரும்பக் கொடுக்கும் முன்னர் கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்று அங்கே வேலை செய்தது. அந்த வேலையில் டிடெக்டர் கத்தினால் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. சத்தம் வந்த இடத்தில் குறி வைத்து, பக்கவாட்டில் சரிவாக மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அடி. பெரும்பாலும் ஆணி, தகரம், துவக்கு ரவையின் வெற்றுக்கோது. இவையெல்லாம் ஒரு வாளிக்குள் சேரும். ஆபத்தில்லாதவை என்று உறுதியான சிலதை அவர்கள் வயற்காரரிடம் காட்டியபோது, இந்தத் தெறியை நண்பர் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரு சாண் ஆழம்கூட இல்லை என்றார்.

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றது என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. இருந்தும் மண்ணிலிருந்து தலைகாட்டும் உலோகம் எதையும் தெரியாமல் தொட வேண்டாம் என்றே இன்றும் சொல்வேன். டிடெக்டரை வாங்கிக்கொண்டு பழம்பொருள் தேடப் புறப்படுவது வேறு ஒரு ஆபத்து. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அப்படித் தேடித் தோண்டுவது குற்றம். இந்தப் பொத்தானை யாரும் தேடிப் போகவில்லை. வேறொன்றைத் தேடியவர்களின் மெசினில் அது அகப்பட்டது.

மூன்று ஊகங்கள்

என்னிடம் வருவதற்கு முன்பே பொத்தானுக்கு மூன்று பிறப்புச் சான்றிதழ்கள் எழுதப்பட்டிருந்தன. முதலாவது, இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்பது. எங்கள் பகுதியில் பச்சைபிடித்த வட்டமான எதுவும் ஒல்லாந்தர் காசுதான். இரண்டாவது, இது ஹேர்மீஸ் கப்பல் மாலுமியுடையது என்பது. மூன்றாவது, நண்பரின் மனைவி அஞ்சியது போல நம் காலத்துப் படைச்சாமான் என்பது.

ஒல்லாந்தர் கதை உடனே விழுந்தது. அவர்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638-இல், ஆங்கிலேயரிடம் விட்டது 1795-இல். அந்தக் காலத்து உலோகப் பொத்தான் பெரும்பாலும் ஒரே தகடு, பின்னால் ஒரு வளையம். நம்முடையது இரண்டு துண்டு. சித்திரம் அடிக்கப்பட்ட மெல்லிய மேல்தகட்டின் விளிம்பைப் பின்தகட்டின் மேல் மடித்து இறுக்கியிருக்கிறார்கள். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய வேலை.

ஹேர்மீஸ் கதையை விட எனக்கே மனம் வரவில்லை. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அந்தப் பிரித்தானியக் கப்பலை மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அதில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. தப்பியவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. கல்லடியிலும் நாவலடியிலும் அந்த நாளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எவருக்கும், ஒரு பழைய தெறி கிடைத்தால் மனம் அங்கேதான் ஓடும்.

ஆனால் பிரித்தானியக் கடற்படைப் பொத்தானை அடையாளம் காண்பது மிக எளிது. கயிறு சுற்றிய நங்கூரம், மேலே கிரீடம், விளிம்பைச் சுற்றி முறுக்குக் கயிறு. சிங்கத்துக்கு அங்கே இடமில்லை. அதோடு, சாதாரண மாலுமியின் அகன்ற கழுத்துச் சட்டையில் பித்தளைத் தெறியே கிடையாது. அது அதிகாரிகளுக்கும் மூத்த நிலையினருக்கும் உரியது. மூழ்கிய கப்பலின் தெறி வாவியைத் தாண்டி வயலுக்கு எப்படிப் போனது என்ற கேள்வியைக் கேட்கும் முன்பே அந்தக் கதை முடிந்துவிட்டது.

மூன்றாவது ஊகத்துக்குப் பதில் சொல்ல முதலில் பொத்தானைச் சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

புளி போட்ட பாதியும் போடாத பாதியும்

புளி, தேசிக்காய், பித்தளை மினுக்கும் பசை, இவற்றில் எதையும் மண்ணில் கிடந்த பொத்தானில் போடாதீர்கள். அமிலம் பச்சையை மட்டும் கரைப்பதில்லை. பித்தளையில் உள்ள துத்தநாகத்தையும் தின்று, மேற்பரப்பைச் செம்புச் சிவப்பாக ஆக்கிவிடும். முலாம் மிச்சம் இருந்தால் அதுவும் போய்விடும். நம் பொத்தானின் தேய்த்த பாதியில் சிங்கத்தின் முகம் மழுங்கியிருந்தது. தேய்க்காத பாதியில், பச்சைக்கு அடியில், கோடுகள் கூர்மையாகவே இருந்தன.

நான் செய்தது இவ்வளவுதான். பற்றரிக் கடையில் விற்கும் வடிநீரில் இரண்டு நாள் ஊறவிட்டேன். பிறகு ஈர்க்கின் நுனியைச் சீவி, பெருக்கும் கண்ணாடியின் கீழ் மண்ணை மட்டும் கிளறினேன். இரவில் அறை விளக்கை அணைத்து, டோர்ச்சைப் பொத்தானின் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடித்துப் போனில் படம் எடுத்தேன். டோர்ச்சைச் சுற்றிச் சுற்றி வைத்து எடுத்தால், ஒரு படத்தில் தெரியாதது அடுத்த படத்தில் நிழலாக எழும். நேர் வெளிச்சத்தில் வெறும் பச்சை மேடாக இருந்த இடத்தில் எனக்கு ஒரு கொம்பு தெரிந்தது.

கொம்பு தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கம் முடி சூடிய சிங்கம், மறு பக்கம் சங்கிலி பூட்டிய ஒற்றைக்கொம்புக் குதிரை, நடுவில் நான்காகப் பிரித்த கேடயம். பிரித்தானிய அரச இலச்சினை. கேடயத்தின் ஒரு கட்டத்தில் யாழ் இருந்தது, அது அயர்லாந்துக்கு. கீழே நாடாவில் "டியூ எ மோன் துருவா", கடவுளும் என் உரிமையும் என்ற பிரெஞ்சு வாசகத்தின் நடு எழுத்துகள் மட்டும் தப்பியிருந்தன. விட்டம் 25.5 மில்லிமீற்றர். பொத்தான் தொழிலில் ஓர் அங்குலத்தை 40 கோடாகப் பிரித்து அளப்பார்கள். நம்முடையது ஏறத்தாழ அந்த 40 கோட்டுப் பெரிய தெறி, மேலாடையின் முன்பக்கத்துக்கு உரியது.

இது பொதுச் சேவைப் பொத்தான் என்று சொல்லப்படும் வகை. இதற்கு முன்னர், 1767 முதல், பிரித்தானியக் காலாட்படையின் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன் இலக்கத்தைப் பொத்தானில் போட்டது. உங்கள் வீட்டில் இலக்கம் போட்ட தெறி இருந்தால் நீங்கள் பாக்கியசாலி, அது எந்த ரெஜிமெண்ட் என்று நேரடியாகத் தெரிந்துவிடும். சிப்பாய்களின் தெறி 1855 வரை வெள்ளீயக் கலவை, பிறகு பித்தளை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காலமும் ஓரளவு தெரியும். 1871-இல் சாதாரணச் சிப்பாய்களின் இலக்கத்தை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இந்த அரச இலச்சினைத் தெறியைக் கொடுத்தார்கள். அதிலிருந்து எண்ண முடியாத அளவில் அடிக்கப்பட்டது. அதனால் இந்தத் தெறியைப் பார்த்து எந்தப் படைப்பிரிவு என்று யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காலத்தைச் சொல்வது கிரீடம். விக்ரோறியா காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் சற்றுப் பதிந்திருக்கும். 1901-இல் எட்வேர்ட் மன்னர் வந்த பிறகு வந்தது நடுவில் பதியாமல், கூரை போல உருண்டு எழும் கிரீடம். எலிசபெத் ராணி 1952-இல் பட்டத்துக்கு வந்ததும் மறுபடி நடுவில் பதிந்த வடிவம். நம் பொத்தானில் கேடயத்தின் மேல் இருந்தது உருண்ட கிரீடம். ஆக, நான்கு மன்னர்களின் ஐம்பது வருடங்களுக்குள் வந்துவிட்டோம். 2022-க்குப் பின் சார்ள்ஸ் மன்னருக்காக அதே போன்ற உருண்ட வடிவம் திரும்பியிருக்கிறது. ஆனால் 2014-க்கு முன்னரே மண்ணிலிருந்து வந்த பொருளுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

நண்பரின் மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதிலேயே இருந்தது. இலங்கை இராணுவம் உருவானது 1949 ஒக்டோபரில். நாடு குடியரசானது 1972-இல், அதோடு அரச கிரீடம் போய்விட்டது. இந்தச் சிங்கம் பக்கிங்ஹாம் அரண்மனைச் சிங்கம், நம் காலத்துச் சண்டையில் இதற்குப் பங்கில்லை. போனில் இதைச் சொன்னபோது மறுமுனையில் அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

பின்புறம் எனக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தது. வளையத்தைச் சுற்றி அரைவட்டமாக எழுத்துகள். பக்க வெளிச்சத்தில் கடைசிச் சொல் பேர்மிங்ஹாம் என்று வந்தது. அதற்கு முன் "பட்டன்ஸ் லிமிடெட்". பேர்மிங்ஹாம் நகரத்துப் பொத்தான் தொழிலகங்கள் சில 1907-இல் ஒன்றாகிப் பிறந்த கொம்பனி அது. கிரீடம் தந்த 1901 இப்படி 1907-க்கு நகர்ந்தது. பொத்தான் என்றால் பலரும் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். பின்பக்கத்தில்தான் செய்தவர் பெயர் இருக்கிறது, வளையம் இருக்கிறது. இந்த நிகழ்வில் முழுக் கதையுமே அங்கேதான் இருந்தது.

நான் குப்பை என்று நினைத்தது

வளையத்துக்குள் ஒரு பச்சைக் கட்டி சிக்கியிருந்தது. உறைந்த மண் என்று நினைத்து ஈர்க்கால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தியிருந்தால் முறித்திருப்பேன். கண்ணாடியை மாற்றிப் பார்த்தபோதுதான் அது மண் அல்ல, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கப்பட்ட செப்புக் கம்பி என்று தெரிந்தது.

பொத்தானை அடையாளம் காண்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யாருக்காகச் செய்யப்பட்டது என்பது ஒன்று. யார் தொலைத்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் பெரும்பாலும் நாம் நிறுத்திவிடுகிறோம், அந்தப் பதிலையே இரண்டாவதற்கும் போட்டுவிடுகிறோம். இராணுவத் தெறி கிடைத்தால், அந்த வயலில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் நின்றான் என்று. இந்தக் கம்பி என்னை அங்கே நிறுத்தியது. படையில் இருப்பவனுக்கு ஊசியும் நூலும் கொடுக்கப்படும், பரேட்டில் தெறி சரியில்லை என்றால் தண்டனை. கழற்றிக் கழுவும் உடுப்புகளில் தெறியைப் பிடிப்பது பிளவு வளையம், அச்சில் செய்த நேர்த்தியான சிறு வளையம். கையால் முறுக்கிய கம்பி அப்படிப்பட்டதல்ல. நூல் அறுந்தபோது கையில் அகப்பட்டதைக் கொண்டு கட்டிய வேலை. நம் ஆட்களின் வேலை.

கம்பிக்கும் பின்தகட்டுக்கும் இடையில் காக்கி கலந்த தவிட்டு நிறத்தில் சில இழைகள் ஒட்டியிருந்தன. செம்பின் உப்புக் கிருமிகளை அண்டவிடாது, அதனால் பித்தளையோடு ஒட்டிக் கிடக்கும் துணி பல வருடம் தப்பும். இழைகளில் மூன்றை மட்டும் எடுத்துக் கொளுத்தினேன். சான்றை அழிக்கிறோமே என்ற தயக்கம் இருந்தது, அதனால் மிச்சத்தைத் தொடவில்லை. பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணம் வரும். வந்தது முடி கருகிய மணம். கம்பளி.

வெப்ப நாடுகளில் பிரித்தானியச் சிப்பாய் அணிந்தது பருத்திக் காக்கி. 1930-களின் இறுதியில் வந்த போர்க்களச் சட்டை கம்பளிதான், ஆனால் அதில் இலச்சினைத் தெறி முன்னால் மினுங்காது. கம்பளியும் 25 மில்லிமீற்றர் பித்தளை இலச்சினையும் ஒன்றாக வருவது பெரும்பாலும் பெருங்கோட்டில், முழங்காலைத் தாண்டித் தொங்கும் குளிர்க்கோட்டில். மலைநாட்டுத் தியத்தலாவை முகாமில் அதற்குத் தேவை இருந்திருக்கும். படுவான்கரை வெயிலில் எந்தச் சிப்பாய் அதைப் போட்டிருப்பான்?

சரி, வேறு யார் போட்டிருப்பார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவருடைய மாமியிடம், தகப்பனாரின் மூத்த சகோதரியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மாமியின் சாட்சி

எண்பதைத் தாண்டியவர். நான் பொத்தானைக் காட்டவில்லை, கம்பியைப் பற்றியும் சொல்லவில்லை. காட்டிவிட்டுக் கேட்டால் யாரும் நமக்குப் பிடித்த பதிலைத் தந்துவிடுவார்கள். "முந்தி வயல்காவலுக்குப் போறவங்க என்ன உடுத்துவாங்க மாமி?" என்று மட்டும் கேட்டேன்.

"மார்கழிப் பனிக்கு என்னத்த உடுத்தாலும் போதாது மனே. சாக்கக் கொழுவிக்கிட்டு இருப்பாங்க. எங்கட அப்பாட்ட மட்டும் மிலிட்டரிக் கோட்டு கிடந்த. சண்ட முடிஞ்ச கையோட டவுனுல வாங்கின. நான் பள்ளிக்குப் போகத் தொடங்கின வருசம். பரணுல இருந்தா ஆன வந்தது போல கிடக்கும், அவ்வளவு பெரிசு."

பெரும்போகத்தில் கதிர் முற்றும் நேரம் யானைக்கும் பன்றிக்கும் இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் இருக்க வேண்டும். பரணில் தீ மூட்ட முடியாது, கீழே இறங்கவும் முடியாது. அந்தக் குளிருக்கு ஒரு வயற்காரர் பெருங்கோட்டு வாங்கியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இங்கிலாந்துக் குளிருக்கு நெய்த கம்பளி நம் மார்கழிப் பனிக்கு வேலை செய்திருக்கிறது.

தெறிகள் எப்படி இருந்தன என்று கேட்டேன். மஞ்சளாக, பெரிதாக, இரண்டு வரிசை என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "நூல் நிக்காது மனே, கோட்டு அவ்வளவு பாரம். அப்பா கம்பி போட்டுத்தான் கட்டுவாரு. அது கையில கீறும் எண்டு அம்மா பேசுவா."

அப்போதுதான் பொத்தானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். சிங்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பிக் கம்பியை விரலால் தடவினார்.

கோட்டு என்ன ஆனது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. 1978 நவம்பர் 23-ஆம் தேதிச் சூறாவளி. மட்டக்களப்பில் அந்த இரவைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வயல் வாடி என்ற குடிசையின் கூரையும் வளையும் எங்கே போயின என்று தெரியாது, வாடிக்குள் கொழுவியிருந்த கோட்டும் அதோடு போனது. வாடி நின்ற இடம் எது என்று கேட்டோம். மருதமரத்துக்குப் பக்கத்து மேட்டுத்துண்டு என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். கண்ணிவெடிக் குழு பொத்தானை எடுத்த இடமாக அவர் எனக்கு முன்பே காட்டியது அந்த மேடுதான்.

எவ்வளவு தூரம் உறுதி

பொத்தான் பிரித்தானியப் பொதுச் சேவை வகை, 1907-க்கும் 1950-களின் தொடக்கத்துக்கும் இடையில் பேர்மிங்ஹாமில் அடிக்கப்பட்டது. இதில் எனக்குச் சந்தேகமில்லை, பொருளே சொல்கிறது. கம்பளி உடையில் இருந்தது, படைக்கு வெளியே ஒருவர் கையால் திருத்தினார் என்பவற்றைப் பொருளிலிருந்து நான் ஊகித்தேன், வலுவான ஊகம். அது மாமியின் தகப்பனாருடைய கோட்டிலிருந்து விழுந்தது என்பது வாய்மொழிச் சாட்சி. கம்பி, இரட்டை வரிசை, இடம் என்று மூன்றும் நான் சொல்லிக்கொடுக்காமலே பொருந்தியதால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். சூறாவளி இரவில்தான் விழுந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பு ஏதோ ஒரு காவல் இரவில் கம்பி நழுவியும் விழுந்திருக்கலாம்.

மிச்சத் தெறிகளும் அந்த மேட்டில் கிடக்கலாம். அவற்றைத் தேடவில்லை. அதற்கு அனுமதியும் இல்லை, மேட்டைச் சுற்றி நாற்றும் வளர்ந்துவிட்டது.

பொத்தானை மீண்டும் நன்றாகக் காயவிட்டு, அமிலமில்லாத கடதாசியில் மடித்து, கம்பியையும் இழையையும் அப்படியே விட்டு, ஒரு சிறு டப்பாவில் வைத்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் உள்ளே. மேலே ஒட்டிய சீட்டில் வகை, அளவு, செய்தவர் பெயர், கிடைத்த இடம், ஆழம், கிடைத்த விதம் எல்லாம் எழுதி மாமியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார்.

"அப்பாட பேர எழுதல்லயே மனே" என்றார்.

எழுதினேன்.